வீட்டுக்கு ஒரு போன்

நான் செய்த கேம்களில் ஒன்றைக்கூட எங்கள் ஊரில் யாரும் விளையாடிப் பார்த்ததில்லை. பதிமூன்று வருடம் அப்படியே ஓடியது. அதற்காக யாரையும் நான் குறை சொல்ல முடியாது. எங்கள் நிறுவனம் செய்ததெல்லாம் கன்சோல் கேம்கள். டிவியோடு ஒரு பெட்டியை மாட்டி, கன்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விளையாட வேண்டும். அப்படியொரு பெட்டியைத் திருத்தணியில் எந்த வீட்டிலும் நான் பார்த்ததில்லை. நான் பிறந்த அம்மையார்குப்பத்தில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள்கூடக் கிடையாது.

என் வேலையைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்கும் முயற்சியை ஐந்தாறு கல்யாணங்களுக்குப் பிறகு விட்டுவிட்டேன். பொத்தானை அழுத்தினால் திரையில் இருக்கிற ஆள் எவ்வளவு உயரம் எழும்புவான், காற்றில் எவ்வளவு நேரம் நிற்பான், தரையில் எப்படி இறங்குவான் என்பதைச் சரிசெய்கிறவள் நான். குதிப்புக்கு ஒரு ஆள் சம்பளத்துக்கு இருப்பதை யாரும் நம்பவில்லை. "கம்ப்யூட்டர்ல பொம்மையை ஆட்டிக்கினு கீது" என்று அண்ணன் மொத்தமாக முடித்துவிடுவார். கேட்கிறவர்களுக்கும் அது போதுமானதாக இருந்தது.

நான் தினமும் காலையில் திருத்தணியில் ரயிலேறிச் சென்னைக்குப் போகிறவள். வழியில் அரக்கோணத்தில் ஏறுகிற கூட்டத்தோடு பெட்டி நிறைந்துவிடும். நிற்கிறவர்கள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் போனில் ஏதோ ஒன்றை விளையாடிக்கொண்டு வருவார்கள். மிட்டாய்களை வரிசையாக அடுக்குவார்கள், பஸ் ஓட்டுவார்கள், யாரையாவது சுடுவார்கள். அதை நான் கேம் என்றே ஒத்துக்கொண்டதில்லை. பக்கத்தில் நிற்கிறவரின் திரையில் ஏதாவது மோசமாகக் குதித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவ்வளவு கொழுப்பு எனக்கு.

ஒரு திங்கட்கிழமை எங்கள் எம்.டி. எல்லோரையும் கூப்பிட்டு, இனிமேல் போனுக்கும் கேம் செய்யப்போகிறோம் என்று சொன்னார். கன்சோலை விடப்போவதில்லை, இது கூடுதல் என்றார். போன் கேம்களில் பழகிய ஆறு பேரைப் புதிதாக எடுத்திருந்தார்கள். அவர்களுக்குப் பொறுப்பாக வந்தவர் தென்காசிப் பக்கத்துக்காரர், என்னைவிட எட்டு வயது இளையவர். தன் வாழ்க்கையில் கன்ட்ரோலரைத் தொட்டதே இல்லை என்று முதல் நாளே சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் அவர்களுக்குப் "பெட்டிக்காரங்க" ஆனோம். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு நேரிலேயே.

அந்தப் பெயருக்கு நாங்கள் தகுதியானவர்கள்தான் என்று சீக்கிரமே நிரூபித்தோம். கேம் இதுதான்: ஒரு வெள்ளாடு பாறை பாறையாகத் தாவி மலையேற வேண்டும். மொத்தம் அறுபது நிலைகள். நாங்கள் செய்த முதல் வடிவத்தில் போன் திரையின் இரண்டு ஓரங்களிலும் கன்ட்ரோலரை அப்படியே வரைந்து வைத்தோம். இடது பக்கம் திசைக்கு ஒரு வட்டம், வலது பக்கம் நான்கு பொத்தான்கள். கண்ணாடியில் பொத்தானின் மேடு தெரியாது. இரண்டு கட்டை விரலையும் வைத்தால் திரையில் பாதி மறைந்துவிடும். அந்த மறைந்த பாதியில்தான் ஆடு நின்றுகொண்டிருந்தது.

தென்காசிக்காரர் அதை விளையாடிப் பார்த்துவிட்டு, "ஆடு எங்க மேடம்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தேடினார். அறையே சிரித்தது. அன்று ரயிலில் வீடு திரும்பும்போது, ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தவர்களை முதல் முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். அடுத்த வாரம் எல்லாப் பொத்தான்களையும் எடுத்துவிட்டு, ஒரே விரல் போதும் என்று மாற்றினேன். எங்கே வேண்டுமானாலும் தொட்டால் ஆடு தாவும். அழுத்திப் பிடித்தால் தூரம் தாவும். குதிப்பு நன்றாக வந்தது. அதில் மட்டும் எனக்குத் தன்னடக்கம் கிடையாது.

ஆனால் ஒரு கன்சோல் பழக்கத்தை நான் விடாமல் வைத்திருந்தேன். கேமைத் திறந்ததும் முதல் பக்கத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம். அவரவர் ஏறிய உயரம் அவரவர் கட்டத்தில் பத்திரமாக இருக்கும். ஒரு டிவியை ஒரு குடும்பமே பார்க்கும் என்பதால் கன்சோல் கேம்களில் இது வெகுகாலமாக இருக்கிற வழக்கம். யாரும் கேட்காமலேயே என் கை அதைச் செய்துவிட்டது.

வெள்ளோட்டம் தொடங்கியது. கேமே தெரியாத இரண்டு பேருக்கு அவரவர் போனில் இதைப் போட்டுக்கொடுக்க வேண்டும் என்று எம்.டி. எங்கள் ஒவ்வொருவரிடமும் சொன்னார். கொடுத்த பிறகு எதுவும் பேசக்கூடாது. விளையாடுகிறவருக்குப் பின்னால் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து குறிப்பெடுப்பது எங்கள் தொழிலின் பழைய விதி. இங்கே பின்னால் உட்காரவும் வேண்டாம். அலுவலகத் திரையில் பெயர் வராது, ஆளுக்கு ஒரு எண்; எந்த எண் எந்த நிலையில் இருக்கிறது என்பது மட்டும் வந்து விழும். கேமே தெரியாத ஒருவராவது யாருடைய உதவியும் இல்லாமல் அறுபதைத் தொட்டால்தான் வெளியிடுவேன் என்றார் எம்.டி.

நான் முதலில் கொடுத்தது எங்கள் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவருக்கு. அவர் நான்காம் நிலையோடு கும்பிடு போட்டார். இரண்டாவதாக அம்மையார்குப்பத்தில் அண்ணிக்குக் கொடுத்தேன். அவர் பதினேழாம் எண்.

அண்ணன் வீட்டில் வீட்டை ஒட்டினாற்போல் ஒரு கொட்டகை, அதில் இரண்டு விசைத்தறிகள். லுங்கி நெய்கிறார்கள். அண்ணன் ஒரு தறியையும் அண்ணி இன்னொன்றையும் பார்த்துக்கொள்கிறார்கள். கரண்ட் இருக்கும்வரை அண்ணிக்கு நிற்க நேரம் கிடையாது. இழை அறுந்தால் முடிய வேண்டும், குறுக்கே ஓடுகிற நாடாவில் நூல் தீர்ந்தால் மாற்ற வேண்டும், நடுவில் சோறு வடிக்க வேண்டும். கரண்ட் போனால் மட்டும் எல்லாம் ஒரே நொடியில் நின்றுவிடும். எங்கள் பெட்டிகளுக்குக் கரண்ட் இல்லாவிட்டால் உயிரே இல்லை. அண்ணி விளையாடியதோ கரண்ட் போகும்போது மட்டும்தான்.

முதல் வாரம் அவர் என்னைக் கூப்பிட்டது ஒரே ஒரு தடவை. "பாப்பா, இதுல என் பேரு எழுதணுமா, அண்ணன் பேரு எழுதணுமா?" என்று கேட்டார். பேசக்கூடாது என்ற விதியை மீறி, "உங்க பேருதான் அண்ணி" என்றேன். எழுதி முடித்துவிட்டு, "ஆங், வந்துடுச்சி" என்று போனை வைத்துவிட்டார்.

மற்றவர்கள் ஏழு, பன்னிரண்டு, பதினைந்து என்று வழியில் உட்கார்ந்துவிட்டார்கள். பதினேழு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. இருபது, இருபத்தாறு, முப்பத்தொன்று. காலையில் வந்ததும் எல்லோரும் முதலில் அந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். நேரம்தான் அவர்களுக்குப் புரியவில்லை. ஒரு நாள் பதினொன்றிலிருந்து ஒன்று வரை. அடுத்த நாள் காலையில் பத்தே நிமிடம். பிறகு இரண்டு நாள் ஒன்றுமில்லை. "யாரோ ஐ.டி. கம்பெனில வேலை இல்லாம பெஞ்சுல உக்காந்திருக்காங்க" என்று ஒருவர் முடிவு கட்டினார். "காலேஜ் பொண்ணு, கிளாஸ்ல மேஜைக்கு அடியில வெச்சு ஆடுது" என்றார் இன்னொருவர். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு டீ குடித்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பதிமூன்று வருடத்தில் முதல் முறையாக என் வீட்டு ஆள் ஒருவர் என் குதிப்பைக் குதித்துக்கொண்டிருந்தார். அவர் அறுபதைத் தொட வேண்டும் என்று, கேம் வெளியாவதைவிட அதிகமாக ஆசைப்பட்டேன்.

அப்போதுதான் அந்த மூன்று கட்டங்களைப் பற்றிய பேச்சு வந்தது.

"இந்தப் பக்கம் எதுக்கு மேடம்?" என்று தென்காசிக்காரர் கேட்டார். "திறந்த உடனே பேரு எழுதச் சொன்னா பாதிப் பேர் மூடிட்டுப் போயிடுவாங்க. போன்ங்கறது பல்லு விளக்குற பிரஷ் மாதிரி. ஒருத்தரோடதை இன்னொருத்தர் தொட மாட்டாங்க. ஒரு போன், ஒரு ஆளு."

பெட்டிக்காரர்களின் இன்னொரு பழக்கம் என்று யாரோ சொன்னார்கள். சிரித்தார்கள்.

சொல்ல வேண்டியது என் நாக்கு நுனிவரை வந்தது. அண்ணன் வீட்டில் ஒரே ஒரு போன். காலையில் அது அண்ணனுடையது, நூல் கொடுக்கிறவரிடம் பேச. கரண்ட் போனால் அண்ணியுடையது. சாயங்காலம் காலேஜில் படிக்கிற அவர்கள் மகளுடையது. அம்மையார்குப்பத்தில் முக்கால்வாசி வீடுகள் அப்படித்தான். இதைச் சொல்ல நான்கு வாக்கியம் போதும். மேஜையைப் பார்த்தேன். சிலருக்கு முன்னால் இரண்டிரண்டு போன்கள் இருந்தன. வாயை மூடிக்கொண்டேன்.

ஆடு தொலைந்த கதைக்குப் பிறகு மறுபடியும் கேலிக்கு ஆளாக வேண்டாம் என்று பேசாமல் இருந்ததாக அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எங்கள் வீட்டில் ஒரே போன் என்று அந்த மேஜையில் சொல்ல வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். இதற்கு வேறு அழகான காரணம் எதையும் நான் இப்போது கண்டுபிடிக்கப்போவதில்லை.

கட்டங்கள் போயின. அவை இருந்த இடத்தில் "தொடர்", "புதிய ஆட்டம்" என்று இரண்டு பொத்தான்கள் வந்தன. புதிய ஆட்டத்தை அழுத்தினால் பழையது அழிந்துவிடும். உறுதியாகத்தானா என்று ஒரு வார்த்தை கேட்கலாம் என்றேன். ஒரு தட்டு கூடினால் ஓர் ஆள் குறைவார் என்றார்கள். அதற்கும் சரி என்றேன்.

புது வடிவம் எல்லோர் போனுக்கும் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் அண்ணி கூப்பிட்டார். "பாப்பா, என் பேரு இருந்த பக்கம் காணோமே?"

"அது தேவையில்லன்னு எடுத்துட்டாங்க அண்ணி. நீங்க ஏறினது அப்படியே இருக்கும். தொடர்னு இருக்கும் பாருங்க, அதை அழுத்துங்க."

"எடுத்துட்டாங்களா. சரி." கொஞ்சம் இழுத்துத்தான் சொன்னார். யாரோ எடுத்துவிட்டதுபோல நான் சொன்னேன். அந்த அறையில் நானும் இருந்தேன் என்று சொல்லவில்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. காவடிக் கூட்டத்தில் ரயிலிலிருந்து இறங்குவதே பெரும்பாடாக இருந்த நாட்கள் அவை. பதினேழு நாற்பதைத் தாண்டியது. நாற்பத்தேழாம் நிலையில் பாறைகள் நகரும். நான் வேண்டுமென்றே கடுமையாக வைத்த இடம் அது. எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு பேர்தான் அதைத் தாண்டியிருந்தார்கள். அண்ணி அங்கே ஒன்பது நாள் நின்றார். பத்தாம் நாள் மத்தியானம் நாற்பத்தெட்டு என்று திரையில் வந்தபோது நான் கை தட்டிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் தட்டினார்கள். அந்த வாரக் கடைசியில் பதினேழு ஐம்பத்திரண்டில் இருந்தது. இன்னும் எட்டே நிலைகள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினேழுக்கு நேராக ஒன்று என்று இருந்தது.

திரை பழுதாகிவிட்டது என்று முதலில் நினைத்தோம். பழுதில்லை. தென்காசிக்காரர் பதிவுகளைத் திறந்து பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். "புதிய ஆட்டம் அழுத்தியிருக்காங்க! மறுபடியும் முதல்ல இருந்து ஏற ஆரம்பிச்சிருக்காங்க. அவ்ளோ பிடிச்சிருக்கு!" எம்.டி.யும் வந்து பார்த்தார். முடிப்பதற்கு முன்பே ஒருவர் திரும்ப விளையாட ஆசைப்படுவது பெரிய விஷயம், அறிக்கையில் போடுங்கள் என்றார்.

அண்ணி கழுவி வைத்த பாத்திரத்தை இன்னொரு தடவை கழுவுகிறவர் இல்லை. ஐம்பத்திரண்டு ஏறிவிட்டு, ஆசைக்காக அடிவாரத்துக்கு வருகிறவர் நிச்சயமாக இல்லை. எனக்கு அது தெரியும். அப்போதும் பேசவில்லை. இது இரண்டாவது தடவை.

சனிக்கிழமை ஆர்.கே.பேட்டை வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்து அம்மையார்குப்பம் போனேன். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் எதையும் மெதுவாகக் கேட்க முடியாது. அண்ணி என்னைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கையால் கேட்டார். நான் அண்ணனிடம் போய்க் கத்தினேன்.

"அண்ணா, போன்ல ஆடு கேமை நீ எடுத்தியா?"

"ஆங், ஒரு நாளு எடுத்துப் பார்த்தேன். உங்க அண்ணி அதையே நோண்டிக்கினு இருந்தா, அப்டி இன்னாதான் கீதுன்னு. ரெண்டு தபா உழுந்துச்சி ஆடு. வெச்சிட்டேன்."

"எதை அழுத்தினே?"

"புதிய ஆட்டம்னு போட்டிருந்துச்சி. புதுசா ஆடறவன் வேற எத்த அமுக்குவான்?"

நாங்கள் பதினைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு மத்தியானம் முழுக்கப் பேசியும் இந்தக் கேள்வி எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அண்ணன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் செய்தது சரி. அவர் முன்னால் அந்தப் பொத்தானை வைத்தவர்கள் மேல்தான் தப்பு.

அண்ணி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அவர் தன் தறியை நிறுத்தியபோதுதான் தெரிந்தது. அண்ணனிடம் திரும்பி, "நீயா அமுக்குனது?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நான் நீதான் அப்டி வெச்சிகினு கீறன்னு நெனைச்சேன். அம்பத்திரெண்டு வந்தா திரும்பவும் அடியில இருந்து ஏறணும் போலன்னு."

"அண்ணி, யாராவது அப்படி வைப்பாங்களா?"

"எனக்கு இன்னா தெரியும்? அந்த நவுர்ற பாறையையே நீதானே வெச்ச." சொல்லிவிட்டு நூலைச் சரிசெய்தார். "ரெண்டு நாளு உன் மேல கோவமா இருந்துச்சி. அப்பறம் போவட்டும்னு உட்டுட்டேன்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"ஆடு போச்சின்னு ஆபீசுல இருக்கறவளுக்கு போன் போட்டு அழுவச் சொல்றியா? கேக்கறவங்க சிரிக்க மாட்டாங்க?"

அண்ணன் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. தறியை ஓடவிட்டார். அதற்குமேல் அங்கே பேச இடமில்லாமல் போனது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னை நானே வாயில் வந்தபடி திட்டிக்கொண்டு வந்தேன். ஒரு சாமான் உடைந்தால் அழலாம், பணம் தொலைந்தால் அழலாம். இதற்கு அழக்கூட அவருக்கு வழியில்லை. சொன்னால் சிரிப்பார்கள். வருடக்கணக்காக கேம் செய்கிற எனக்கு, கேமில் ஒன்றை இழப்பது எப்படி இருக்கும் என்று தெரியும். அதைப் பொத்திப் பாதுகாப்பதற்காகவே எங்கள் தொழிலில் மூன்று கட்டங்கள் வைத்தார்கள். அதை நான் கையிலிருந்து நழுவவிட்டேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அறிக்கையைப் படிக்கத் தொடங்கினார்கள். பதினேழாம் எண் பற்றிய பத்தி வந்ததும் நான் கையைத் தூக்கினேன்.

"பதினேழு என்னோட அண்ணி. விசைத்தறி ஓட்டறாங்க. கரண்ட் போனாதான் விளையாடுவாங்க. அவங்க திரும்ப ஆரம்பிக்கல. எங்க அண்ணன் அழிச்சிட்டாரு, தெரியாம. அந்த வீட்ல மூணு பேருக்கும் ஒரே போன்."

"ஒரே போனா?" என்று தென்காசிக்காரர் கேட்டார்.

"ஒரே போன். கட்டத்தை எடுக்கும்போதே எனக்கு இது தெரியும். சொல்லல."

ஏன் சொல்லவில்லை என்று எம்.டி. கேட்பார் என்று எதிர்பார்த்தேன். பதிலைத் தயாராகக்கூட வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. தென்காசிக்காரர் தன் லேப்டாப்பை மெதுவாக மூடினார். "எங்க வீட்லயும் அப்படித்தான் மேடம்," என்றார். "நான் வேலைக்குச் சேர்ற வரைக்கும் அம்மாவோட போன்தான். அக்கா, நான், தம்பி மூணு பேரும் முறை வெச்சு எடுப்போம்."

"அப்புறம் பிரஷ் மாதிரின்னு சொன்னீங்க?"

"பழைய கம்பெனில அப்படித்தான் சொல்லுவாங்க. சொல்லிச் சொல்லி எனக்கும் வந்துடுச்சு."

அவருக்கு முகம் சிவந்திருந்தது. எனக்கு அவர் மேல் மாதக்கணக்காக இருந்த எரிச்சல் அங்கேயே ஆறிப்போனது. கடைசி நாற்காலியில் இருந்தவரும் தங்கள் வீட்டில் ஒன்றுதான் என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணும் ஆமாம் என்று தலையாட்டினாள். இந்தப் பேச்சை ஒரு மாதத்துக்கு முன் நான்கு வாக்கியத்தில் நான் தொடங்கியிருக்கலாம்.

மூன்று கட்டங்களும் திரும்ப வந்தன. அழிப்பதற்கு முன் கேட்கிற கேள்வியும் வந்தது. தென்காசிக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய பதிவைத் தேடியெடுத்து, பதினேழாம் எண்ணை ஐம்பத்திரண்டில் கொண்டுபோய் நிறுத்தினார். முதல் கட்டத்தில் அண்ணியின் பெயரையும் நானே எழுதினேன். எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

அம்மையார்குப்பத்தில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணிவரை மின்தடை என்று அறிவித்திருந்த நாளாகப் பார்த்து லீவு போட்டுவிட்டுப் போனேன். கொட்டகை அமைதியாக இருந்தது. அண்ணன் நாடாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணி வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நூல் பிரித்துக்கொண்டிருந்தார். புது வடிவத்தை அவர்கள் போனில் ஏற்றி, திறந்து, அவர் கையில் கொடுத்தேன்.

பெயரைப் பார்த்தார். ஐம்பத்திரண்டைப் பார்த்தார். "இத்த யாரு ஏத்துனது?"

"நான்தான் அண்ணி. ஆபீசுல இருந்தே பண்ணிட்டோம். நீங்க விட்ட இடம்தான்."

"அப்டிலாம் ஏத்த முடியுமா?"

"முடியும்."

"ஊர்ல ஒருத்தி ஒம்பது நாளு உக்காந்து தாண்டுறத, நீ ஆபீசுல உக்காந்து ஒரு நிமிசத்துல ஏத்திடுவ." அவர் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டதுபோல இருந்தது. நான் தலையாட்டினேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அலுவலகத்தில் எல்லோரிடமும் சொன்னதை, சொல்ல வேண்டிய ஒருவரிடம் இன்னும் சொல்லவில்லை என்று உறுத்திக்கொண்டே இருந்தது. சொன்னேன். கட்டத்தை எடுக்கும் பேச்சு வந்தபோதே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். வீட்டுக்கு ஒரு போன்தான், எடுத்தால் ஒருவருடையதை இன்னொருவர் அழித்துவிடுவார் என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை என்று சொன்னேன்.

"ஏன்?"

"வெக்கமா இருந்துச்சு அண்ணி."

"எதுக்கு?"

அலுவலகத்துக்குத் தயார் செய்திருந்த பதில் எதுவும் இங்கே செல்லாது. அவருக்கு அதற்குள் புரிந்துவிட்டது. போனை மடியில் வைத்தார்.

"ஒரு போன வெச்சிகினு மூணு பேரு எடுக்கறோம். அது எங்களுக்கு ஒண்ணும் கொறையா இல்ல," என்றார். "உனக்குத்தான் கொறையா இருந்திருக்குது. நீயும் இந்த வூட்ல பொறந்தவதானே?"

அண்ணன் துடைப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். "உடு, சின்னப் பொண்ணு" என்றார். எனக்கு முப்பத்தொன்பது வயது.

அண்ணி போனை எடுத்தார். ஐம்பத்திரண்டு இருந்த கட்டத்தைத் தொடவில்லை. அதற்குக் கீழே காலியாக இருந்த கட்டத்தைத் தொட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். முதல் நிலை வந்தது. முதல் முறை அவரிடமிருந்து ஒரு மத்தியானம் முழுவதையும் எடுத்துக்கொண்ட நிலை அது. ஆடு நான்கே தாவலில் மேலே போய்விட்டது.

"அண்ணி, அது உங்களோடதுதான். நீங்க ஏறினதுதான்."

"கொஞ்சம் நவுரு பாப்பா. வெளிச்சம் மறைக்குது."

நகர்ந்து உட்கார்ந்தேன். பின்னால் உட்கார்ந்து பேசாமல் பார்ப்பது எனக்குப் பழகிய வேலை. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தபோது பதினோராம் நிலையில் இருந்தார். எழுந்தார். போனை வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அதை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, தறியை ஓடவிட்டார்.